பெட்டியில மூண்டு புத்தகத்துக்கு இடம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

சின்னவன் லண்டனில இருந்து வாறான், பெட்டியில மூண்டு புத்தகத்துக்குத்தான் இடம், கிட்டடியில வந்த விஞ்ஞானக் கதைகளில மூண்டின்ட பேரை எழுதி அனுப்பு எண்டு கேட்டிருந்தாய். ஊருக்கெல்லாம் சொக்கலேட்டும் சவர்க்காரமும் சுமக்கிற பொடியன், தகப்பனுக்குப் புத்தகம் எண்டவுடன கிலோக் கணக்குப் பார்க்கிறான். நல்லா வளர்த்து வைச்சிருக்கிறாய்.

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கால்வீக்கம் வத்திட்டுது. மச்சாளுக்குச் சீனி குறைஞ்சதெண்டு கேள்விப்பட்டுச் சந்தோசம். வேளாமை வெட்டு முடிஞ்சுதா, நெல்லு என்ன விலைக்குப் போகுது எண்டு மறக்காம எழுது.

முதல் பேருக்கு நான் யோசிக்கவே இல்ல. அண்டி வியர் 2021இல எழுதின 'ப்ரொஜெக்ட் ஹேல் மேரி'. கதாநாயகன் ஆர் தெரியுமா? உன்னைப்போலப் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிச்ச ஆள். விண்கலத்துக்குள்ள கண் முழிக்கிறான். தன்ட பேரே ஞாபகமில்ல, கூட வந்த ரெண்டு பேரும் செத்துக் கிடக்கிறாங்கள். உடம்பு ஏன் இவ்வளவு பாரமாக் கிடக்கு எண்டு சந்தேகப்பட்டு, சாமானைக் கீழ போட்டு விழுற நேரத்தை அளந்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணக்குப் பார்க்கிறான். 9.8 வரவேண்டிய இடத்தில 15 வருது. தான் பூமியில இல்லயெண்டு அவனுக்கு அப்பதான் விளங்குது. ஆய்வுகூடத்தில ஊசலை ஆட்டிக்கொண்டு, "விடை பிழையெண்டா உலகம் பிழையில்ல, உன்ட அளவு பிழை" எண்டு நீ பிள்ளைகளுக்குச் சொல்லுவியே, இஞ்ச அளவு சரி, உலகம்தான் வேற!

சூரியன்ட சக்தியைத் தின்னுற நுண்ணுயிர் ஒண்டால பூமி குளிரப்போகுது. சுத்தியிருக்கிற நட்சத்திரங்களுக்கெல்லாம் அதே வியாதி. 12 ஒளியாண்டு தள்ளியிருக்கிற டோ செட்டிக்கு மட்டும் இல்ல. ஏன் எண்டு பார்க்கத்தான் இவன் போறான். அங்க போனா, இதே கேள்வியோட இன்னொரு உலகத்துச் சீவன் வந்து நிக்குது. அதுக்குக் கண்ணில்ல, ஒலியாலதான் எல்லாம் அறியுது. அதுன்ட பேச்சு ஒரே நேரத்தில எழும்புற பல சுரம். அவன் கணினியில அலைகளைப் பிரிச்சுப் பிரிச்சு ஒவ்வொரு சொல்லாப் பிடிக்கிறான். வாசிக்கேக்க எனக்கு லாங் சுவாமிதான் ஞாபகத்துக்கு வந்தார். 1950களில எங்கட வாவிக்குள்ள ஒலிவாங்கியை இறக்கி மீன்பாட்டைப் பதிவு செய்த மனுசன். பாலத்தடியில நிலவு நேரம் வள்ளத்தில போய் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்றத் தலைப்பைக் காதில வைச்சுக் கேட்டோமே, எனக்குக் கேட்டது, உனக்குக் கேக்கயில்ல எண்டு நீ இண்டைக்கும் வழக்குப் பேசுறாய். இந்தக் கதையில வாற ரொக்கி எண்ட அந்தச் சீவனை வாசிச்சுப்போட்டுச் சொல்லு.

ரெண்டாவது, ரே நெய்லர் எழுதின 'த மவுண்டன் இன் த சீ', 2022. வியட்நாமில கொன் டாவோ எண்ட தீவுக்கூட்டம். அங்க கடலுக்கடியில பேய்க்கணவாய்கள் (ஒக்டோபஸ்) தங்களுக்குள்ள ஒரு மொழி வைச்சிருக்கு, தோலில ஓடுற உருவங்களால கதைக்குது எண்டு சந்தேகம். ஒரு பெரிய கம்பனி தீவையே வாங்கி, சனத்தை அப்புறப்படுத்திப்போட்டு, ஆராய ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விடுது. நீ படிப்பிச்ச பாடம்தான்: மூண்டு இருதயம், நரம்புக்கலங்களில மூண்டில ரெண்டு பங்கு கைகளுக்குள்ள. ஆனா தாய் முட்டையைக் காத்து, குஞ்சு வெளிய வரேக்க செத்துப்போகும். அப்ப சொல்லிக்குடுக்க ஆளில்ல; ஒவ்வொண்டும் எல்லாத்தையும் முதலில இருந்து தானே கண்டுபிடிக்க வேணும். அதுகளுக்கு ஒரு வாத்தியார் கிடைச்சா என்னாகும் எண்டதுதான் அந்தப் புத்தகத்துக்குள்ள கிடக்கிற கேள்வி. அதோட இன்னொரு கதையும் ஓடுது: செயற்கை அறிவு ஓட்டுற மீன்பிடிக் கப்பல் ஒண்டு, மனிசரைப் பிடிச்சு அடிமையா வைச்சு மீன் வெட்ட விடுது. கேட்கக் கப்டனும் இல்ல, காலில விழ முதலாளியும் இல்ல. அந்தப் பகுதி எனக்கு நித்திரையைக் கெடுத்தது.

'ஓர்பிட்டல்' பற்றியும் கேட்டிருந்தாய். சமந்தா ஹார்வி எழுதி 2024 புக்கர் பரிசு எடுத்தது. ஆறு பேர் விண்வெளி நிலையத்தில ஒரு நாள், 16 தரம் பூமியைச் சுத்துறாங்கள். வசனம் அழகு. ஆனா ஒண்டும் நடக்காது. நீ பத்தாம் பக்கத்தில கொட்டாவி விடுவாய். மெலிஞ்ச புத்தகம், சின்னவன் பிளேனில தான் வாசிக்கக் கொண்டுவரட்டும். கொழும்புக்காரர் வஜ்ர சந்திரசேகரவின்ட 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' நெபியூலா விருது எடுத்தது, எங்கட நாட்டு மண்ணும் மதமும் அரசும் அதுக்குள்ள நல்லாக் கிடக்கு. ஆனா அது மாயக்கதைப் பக்கம். சுஜாதாவின்ட இயந்திர நாய் ஜீனோவோட வளர்ந்த நீ சண்டைக்கு வருவாய். அடுத்த முறைக்கு வைப்பம்.

மூண்டாவதுதான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீட்டுது. கிம் ஸ்டான்லி ரொபின்சன் 2020இல எழுதின 'த மினிஸ்ட்ரி ஃபோர் த ஃபியூச்சர்'. அதை நீ வாசிக்க வேணும். ஆனா முதல் அத்தியாயத்தை விட்டிட்டு வாசி.

ஏனெண்டு சொல்லுறன். உத்தரப் பிரதேசத்தில ஒரு சின்ன ஊர். வெக்கையும் ஈரப்பதனும் சேர்ந்து ஏறுது. ஈரக்குமிழ் வெப்பமானியில 35 பாகையைத் தாண்டினா வேர்வை காயாது, நிழலில சும்மா இருக்கிற ஆளும் சில மணித்தியாலத்தில செத்துப்போவான். குமிழில நனைஞ்ச துணியைச் சுத்தி நீ காட்டுற பாடம்தான். எங்களுக்கு இதை உடம்பே சொல்லும். கச்சான் காத்து அடிக்கிற நாளில 36 எண்டாலும் வேர்வை காயும், சமாளிக்கலாம். காத்து நிண்டு, வாவிப்பக்கம் ஈரம் கனக்கிற நாளில 32 ஆளை விழுத்திப்போடும். கதையில கரண்ட் போகுது. மிஞ்சின ஜெனரேட்டரையும் துவக்கைக் காட்டிப் பறிச்சுக்கொண்டு போறாங்கள். ஊர்ச்சனம் குளிர்ச்சி தேடிக் குளத்துக்குள்ள இறங்குது. குளத்துத் தண்ணி உடம்பைவிடச் சூடு. விடியேக்க உயிரோட இருக்கிறது ஒரே ஒருத்தன், வெளிநாட்டு உதவி ஊழியன். இந்தியா முழுக்க ரெண்டு கோடிச் சனம் போகுது.

இவ்வளவுதான் முதல் அத்தியாயம். நான் சொல்லிப்போட்டன், இனி நீ வாசிக்கத் தேவையில்ல, மிச்சக் கதை விளங்கும். அந்தத் தண்ணிக்குள்ள பிள்ளைகள் கிடக்கிற விதத்தை அவர் எழுதியிருக்கிறார், மச்சான். 2004 மார்கழிச் சுனாமியில தம்பிலுவில் கடக்கரையில நீ தூக்கினதுகளைப் பற்றி என்னோட ஒரு தரம் கதைக்கத் தொடங்கி, பாதியில எழும்பி வயலுக்குப் போட்டாய். நான் மறக்கயில்ல. அதால ரெண்டாம் அத்தியாயத்தில இருந்து தொடங்கு. பிழைச்சவன் அந்த நினைவோட படுற பாடு பிறகும் வரும். அவனை ஆசிரியர் அவசரப்பட்டுச் சுகமாக்கயில்ல, அதுக்காக அவரில எனக்கு மரியாதை.

இவ்வளவையும் தெரிஞ்சுகொண்டு ஏன் உனக்குக் குடுக்கிறன்? 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு போனில நீ சொன்ன சொல்லுக்காக. "இனி ஒண்டும் செய்யேலாது, பிள்ளைகளை அனுப்பிட்டம், நாங்க கிடந்து சாவம்" எண்டாய். உன்ட வாயில இருந்து அப்பிடியொரு வசனம் நான் முன்ன கேட்டதில்ல. இந்தப் புத்தகம் அந்த வசனத்துக்குத்தான் பதில் சொல்லுது. பேரழிவோட தொடங்கி, மறுகா மனிசர் என்ன செய்யலாம் எண்டதையே நூறு அத்தியாயத்துக்கு மேல எழுதியிருக்கிறார். இந்தியா, 1991இல பினட்டுபோ எரிமலை வெடிச்சுப் பூமி கொஞ்சம் குளிர்ந்த மாதிரி, வானத்தில கந்தகத்தைத் தூவுது. அந்தாட்டிக்காவில பனிப்பாறைக்கு அடியில கிடக்கிற தண்ணியை உறிஞ்சி, அது கடலுக்கு வழுக்குற வேகத்தைக் குறைக்கிறாங்கள். மத்திய வங்கிகள், காபனை நிலத்துக்குள்ள வைச்சிருக்கிறவனுக்குக் காசு குடுக்குது. எல்லாம் சுகமா நடக்கயில்ல; கொலையும் நடக்குது, அது சரியா எண்டு நானும் நீயும் ஒரு இரவு முழுக்கச் சண்டை பிடிக்கலாம். சில அத்தியாயங்கள் கூட்ட அறிக்கை மாதிரி வறண்டு கிடக்கும், தாண்டிப் போ. ஆனா கடைசியில காற்றில காபன் குறையத் தொடங்குது. ஒரு வீரனாலயும் இல்ல, கோப்போடயும் குழாயோடயும் மண்ணோடயும் வேலை செய்த ஆயிரம் பேரால.

78 சூறாவளிக்கு அடுத்த நாள் எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்ல. நீயும் நானும் மரத்தடியில இருந்துதான் படிச்சோம். அந்தத் தகரத்தைத் திருப்பி ஏத்தினது ஊர்ச்சனம், உன்ட அப்பா ஏணியில நிண்டவர். அவரின்ட மகன் ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்ல எனக்குக் கேக்க ஏலாது, மச்சான்.

புத்தகம் தடிப்பு, ஐஞ்நூறு பக்கத்துக்கு மேல. சின்னவன் பாரமெண்டு முணுமுணுத்தா, சொக்கலேட்டைக் குறைக்கச் சொல்லு. அவன் வாற திகதியை எழுது. வைகாசியில கண்ணகி அம்மன் குளிர்த்திக்குத் தம்பிலுவிலுக்கு வருவன், அதுக்கிடையில கணவாய்ப் புத்தகத்தை முடிச்சு வை. மினிஸ்ட்ரியை நீ ஆறுதலாப் படி, அதை நான் கேட்கமாட்டன்.

இப்படிக்கு,
நெடுவல்