கேலரியில் கேலி மட்டும் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொல்கத்தாவின் கால்பந்து அணிகளில் ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் ரசிகர் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் அதன் ரசிகர் வீட்டில் இறால். இதைச் சொல்லி ஒருவரையொருவர் கேலி செய்வதுதான் டெர்பியின் (இவ்விரு உள்ளூர் அணிகள் மோதும் ஆட்டத்தின்) உயிர். ஆனால் என் மகளை ஆட்டத்துக்கு அழைத்துப் போனபோது பின்வரிசையிலிருந்து தண்ணீர் பாக்கெட் பறந்து வந்தது. காது கூசும் வசவுகள் வேறு. இனி வரமாட்டேன் என்கிறாள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே அணிகள் மோதியபோது 16 ரசிகர்கள் உயிரிழந்ததை மறந்துவிட்டோமா? 2024 ஆகஸ்டில் டியூரண்ட் கோப்பை டெர்பி ரத்தானபோது, கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு இரு அணி ரசிகர்களும் வீதியில் ஒன்றாக நின்றார்களே, எவ்வளவு பெருமையாக இருந்தது! குடும்பத்தோடு வருவோருக்கு கேலரியில் தனிப் பகுதி ஒதுக்குங்கள். வசைபாடுபவரைப் பக்கத்து இருக்கைக்காரரே தடுக்க வேண்டும்.

– கால்பந்து ரசிகர், கொல்கத்தா