பெட்டியில் இருந்த அரை மணி நேரம்

மதுரை
மாட்டுப் பொங்கல்

மாப்ளே,

எட்டு மாதமாக உனக்குக் கடிதம் போடவில்லை. போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது என்று நீதான் சொல்வாய், அதனால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பா நன்றாக நடக்கிறார். பெரியவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மாங்காய் மரத்து வழக்கு அப்படியேதான் இருக்கிறது, நம் கூட்டாளி கண்ணாடி இன்னும் உன்னைத்தான் முதல் குற்றவாளி என்கிறான். சரி, குசலம் போதும்.

இதோடு ஒரு பென் டிரைவ் வரும். ஒல்லியின் மகள் மேல்படிப்புக்கு உங்கள் பக்கம் வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அதைச் செருகு.

போன நவம்பரில் நீ ஒரு வரி அனுப்பியிருந்தாய். “டிவோ பெட்டி விற்பதையே நிறுத்திவிட்டார்கள், நீ இன்னும் அந்த ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு இருக்கிறாயா?” அதைப் படித்ததும் எனக்கு உன் 2001ஆம் வருடத்துக் கடிதம் ஞாபகம் வந்தது. நாலு பக்கக் கடிதம், அதில் மூன்று பக்கம் டிவோதான், டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கிற அந்த அமெரிக்கப் பெட்டி. ஓடுகிற டிவியை அப்படியே நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். ரிமோட்டில் பச்சைக் கட்டைவிரல் ஒன்று, சிவப்புக் கட்டைவிரல் ஒன்று, பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் அழுத்தினால் பெட்டியே நம் ருசியைக் கற்றுக்கொள்கிறது என்று படம் வேறு போட்டிருந்தாய். அந்தக் கடிதத்தை டீக்கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நம் ஆட்கள் பாதியை நம்பவில்லை. அப்படி எழுதியவன்தான் இன்று என்னைக் கேலி செய்கிறாய்.

அதே மாதிரிப் பதிவு செய்கிற டிஷ் பெட்டியை நான் வாங்கியது உனக்குப் பத்து வருடம் கழித்து, 2011 உலகக் கோப்பைக்கு முன்னால். உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். டிஷ்ஷிலிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டு ஒயர் இறக்கினார்கள், ஒன்றில் பதிவு, மற்றதில் வேறு சேனல். வீட்டில் ஒரே டிவி, அம்மாவுக்குத் தொடர், அப்பாவுக்குக் கிரிக்கெட். அந்த இரண்டாவது ஒயர் எங்கள் வீட்டில் எத்தனை சண்டையைத் தீர்த்தது என்று உனக்குத் தெரியாது.

அம்மாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவள் சாயங்காலம் முழுக்க ஓட்டமாக ஓடுவாள். ஏழரைக்குள் இட்லிக்கு ஊற்றி, எட்டுக்குள் எல்லோருக்கும் போட்டு, தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டிவி முன்னால் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருப்பாள். யாராவது விருந்தாளி வந்துவிட்டால் முகம் வாடிவிடும். பெட்டி வந்த இரண்டாவது வாரம், மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்து முந்தின ராத்திரித் தொடரைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விளம்பரத்தையும், “சென்ற வாரம்” என்று திரும்பக் காட்டுவதையும், தலைப்புப் பாட்டையும் ஓட்டிவிட்டால் அரை மணித் தொடர் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தில் அவள் தூங்கினாள். நாற்பது வருடத்தில் அம்மா மத்தியானத்தில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அப்பாவோடுதான் போராட்டம். ராத்திரி படுக்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைப்பது அவருடைய தர்மம், உனக்கே தெரியும், உன் வீட்டுக்கு வந்திருந்தபோதும் அணைத்தார். பெட்டிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் எதைப் பதிவு செய்யும்? ரிமோட்டில் அணைத்தால் போதும், உள்ளே அது விழித்திருக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும், “எரியாத விளக்குக்கு எதற்குக் கரண்ட்?” என்பார். ஒரு தீபாவளிக்குப் பட்டிமன்றத்தைப் பதிவுக்குப் போட்டிருந்தேன். சேனல்காரர்கள் கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்தார்கள், பெட்டி அட்டவணைப்படி முடித்துக்கொண்டது, தீர்ப்புக்கு முன்னால் அறுந்துவிட்டது. அப்பா இரண்டு நாள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எந்தப் பதிவுக்கும் கடைசியில் பதினைந்து நிமிடம் கூட்டிவைக்கச் சொன்னவரும் அவர்தான். “அணைக்காதே” என்று ஒரு காகிதத்தில் எழுதி சுவிட்சுக்கு மேலே ஒட்டியவரும் அவர்தான்.

2012ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நீ அங்கிருந்து கேட்டுக்கொண்டேயிருந்தாய். இங்கே ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஊரே விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் சின்ன இன்வெர்ட்டர் டிவியைத் தாங்காது. ஆனால் பெட்டி இழுப்பது ஒரு குண்டு பல்பு அளவுக்கும் குறைவு, டிஷ்ஷில் இருக்கிற முனைக்கும் பெட்டியிலிருந்தே கரண்ட் போகிறது. டிவியை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் இன்வெர்ட்டரில் கோர்த்தேன். திரை இருட்டு, வீடு இருட்டு, மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பத்தரைக்குக் கரண்ட் வரும்போது எட்டு மணித் தொடர் முழுசாக இருக்கும். பக்கத்து வீட்டு அத்தை, எதிர்வீட்டு அக்கா எல்லோரும் எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த வருடத்தை எல்லோரும் திட்டுகிறார்கள், எனக்கு மட்டும் அந்தக் கூட்டம் ஞாபகம் வருகிறது.

இனி உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

முதல் பெட்டி 2016ல் போனது. அதில் 2011 இறுதி ஆட்டம் முழுசாக இருந்தது. இரண்டு முறை டாஸ் போட்டதிலிருந்து, சேவாக் இரண்டாவது பந்தில் போனது, கம்பீரின் 97, 49ஆவது ஓவரில் குலசேகரா பந்தைத் தோனி தூக்கியது வரை. ரிப்பேருக்கு வந்த பையன் புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் பழசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். “உள்ளே இருந்ததெல்லாம்?” என்று கேட்டேன். “அது வராது சார்” என்றான். அப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெட்டி எழுதுவது பூட்டிய எழுத்து. அதற்குச் சாவி அந்தப் பெட்டியிலும் அதன் கார்டிலும்தான் இருக்கிறது. டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் தெரியாது. வேறு பெட்டியில் போட்டாலும் தெரியாது. ரீசார்ஜ் முடிந்துவிட்டால் நாமே காசு கொடுத்து வாங்கிய பெட்டியில், நாமே பதிந்ததைக்கூட நாம் பார்க்க முடியாது. இதை விற்கும்போது யாரும் சொல்லவில்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, ஆட்டம் போனால் போகட்டும், அது எங்கும் கிடைக்கும். 2017 ஆகஸ்டில் நம் தமிழய்யா பொதிகையில் வந்தார்.

நீ அதைப் பார்க்கவில்லை. இப்போது டிடி தமிழ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், அப்போது பொதிகை. நம்ம ஊர்க் கண்மாயைப் பற்றி அரை மணி நேர நிகழ்ச்சி. ஐயா, நிரம்பிய தண்ணீர் வழிந்து போகிற கலுங்கின் மேல் நின்றுகொண்டு பேசுகிறார், அதே வெள்ளைச் சட்டை, அதே குடை. மடை, கலுங்கு, உள்வாய், நீர்பாய்ச்சி என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து, வகுப்பில் செய்வது போலவே காற்றில் எழுதிக் காட்டுகிறார். பதினான்காவது நிமிடத்தில் ஒரு சொல்லைத் தேடித் தவிக்கிறார். நெற்றியைத் தட்டுகிறார். அப்புறம் சொல் வந்துவிடுகிறது. அந்தச் சொல்லைத் தனக்கு யார் கொண்டுவந்து கொடுத்தான் என்று சொல்கிறார் மாப்ளே. பெயர் சொல்லவில்லை. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிற நீர்பாய்ச்சியின் பேரன், இப்போது அமெரிக்காவில் இருக்கிறான் என்கிறார். அதற்கு மேல் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை, அவர் வாயாலேயே கேள்.

நீ கேட்பாய், எட்டு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று. நீ அடுத்த கோடையில் வருகிறேன் என்றாய். எங்கள் கூடத்தில் உன்னை உட்காரவைத்து, ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்புறம் அதற்கடுத்த கோடை என்றாய். 2021 மே மாதம் ஐயா போய்விட்டார். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம், நாங்கள் நாலு பேர்தான் போக முடிந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அந்தப் பதிவைத் தனியாகப் பார்த்தேன். அதற்குமேல் உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. என் தப்புதான்.

போன மாதம் பெட்டியிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். டிஸ்க் போகப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்தப் பெட்டிகளுக்கு ஓய்வே கிடையாது, நாம் எந்தச் சேனல் பார்த்தாலும், பின்னால் ஓட்டிப் பார்ப்பதற்காக அதை எப்போதும் எழுதிக்கொண்டே இருக்கும். போதாததற்கு அம்மா அதன் மேல் அழகாக ஒரு பூவேலைத் துணி போர்த்தியிருந்தாள், சூடு வெளியே போக வழியில்லை. இணையத்தில் அந்த நிகழ்ச்சியைத் தேடோ தேடென்று தேடினேன். “எல்லாம் யூடியூபில் இருக்கிறது” என்று நீ சொல்வாயே, அது இல்லை மாப்ளே. எனக்குத் தெரிந்து அந்த அரை மணி நேரம் இந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது.

முதலில் செல்போனை ஸ்டூலில் நிறுத்தி டிவித் திரையைப் படமெடுத்தேன். குக்கர் விசில் மூன்று, காலிங் பெல் ஒன்று, ஐயாவின் முகத்துக்கு மேல் எங்கள் டியூப்லைட். அக்கா மகன் பார்த்துவிட்டு, “மாமா, பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கலாமே” என்றான். டிவிக்குப் போகிற புது மாதிரி எச்டிஎம்ஐ ஒயர் வழியாகப் போனால் பாதுகாப்புப் பூட்டு, கறுப்புத் திரைதான் வரும். பழைய மூன்று கலர் ஒயரில் பூட்டு எதுவும் குறுக்கே வரவில்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடையில் ஒரு சின்னக் கருவி வாங்கி, லேப்டாப்பில் செருகி, தீர்ந்துபோயிருந்த ரீசார்ஜைப் போட்டுவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்தோம். மின்விசிறியைத் திருப்பி நேராகப் பெட்டிமேல் விட்டேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் படம் உறைந்தது. அணைத்து, ஆறவிட்டு, மறுபடி. பதினொன்றில் உறைந்தது. பின்னால் போய், முன்னால் போய், துண்டு துண்டாக எடுத்தோம். பதினான்கு வந்தபோது நான் மூச்சையே விடவில்லை. அது முழுசாக வந்தது மாப்ளே, ஒரு கட்டம்கூட உடையவில்லை. இருபதுக்கு மேல் மறுபடி தொந்தரவு. விடிகாலை நாலரைக்குப் பெட்டி மொத்தமாக நின்றது. அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

பென் டிரைவில் இருப்பது 26 நிமிடம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நசுங்கிப்போகும், அதனால்தான் இப்படி. நீயும் நாலு இடத்தில் பிரதி எடுத்து வை. ஒரு பிரதியை ஐயா வீட்டில் கொடுத்தாயிற்று, இன்னொன்று ஒல்லியிடம் இருக்கிறது.

போனது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அந்த இடத்தில்தான் ஐயா கண்மாயின் ஏழு மடைக்கும் பெயர் சொல்கிறார். பெரிய மடை, நடு மடை, புளியடி மடை, ஐயனார் மடை என்பது வரை கேட்கிறது. அதோடு படம் நின்றுவிட்டது. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இருந்தும் மற்ற மூன்றும் எனக்கு நிச்சயமாக வரவில்லை. அப்பாவையும் கேட்டேன், ஒரு பெயர் சொன்னார், மறுநாள் வேறு பெயர் சொன்னார். உன் தாத்தா ராத்திரியில் மண்வெட்டியோடு போகும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போவாரே. அந்த மூன்று பெயரும் உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது. போனில் வேண்டாம், கடிதத்தில் எழுது.

உன்
மாப்ளே