ஜப்பான் புத்தகம் வாங்குமுன் சிங்கப்பூர் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள்

டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பங்களை வெளிநாடு அழைத்துச் செல்லும் சமூக மன்ற இந்திய நற்பணிச் செயற்குழுவினருக்கு,

வணக்கம். குழுவுக்கென்று ஒரு பயணக் கையேடு வாங்கும்போது பெரும்பாலும் அட்டைப் படத்தையும் தடிமனையும் பார்த்தே முடிவாகிவிடுகிறது. எங்கள் வேண்டுகோள் வேறு. ஜப்பானுக்குப் போவதாக இருந்தால், அதே பதிப்பகம் சிங்கப்பூரைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தை முதலில் பிரித்துப் பாருங்கள். கியோத்தோவைப் பற்றி எழுதியது சரியா என்று நமக்குத் தெரியாது. நம் லிட்டில் இந்தியாவின் தேக்காவைப் பற்றி எழுதியது தெரியும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், நாம் பதம் பார்க்கத் தெரிந்த சோறு நம் ஊர்தான்.

சிங்கப்பூர் புத்தகத்தில் பொருள் சேவை வரி 7 விழுக்காடு என்று இருந்தால் அது 2023க்கு முந்திய தகவல். 8 என்றால் 2023. காத்தோங்குக்குப் பேருந்துதான் வழி என்று எழுதியிருந்தால், 2024 ஜூனில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடம் பக்கத்து மரின் பரேட் வரை வந்து அதையும் தாண்டியது அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்து, அக்கறையைச் சோதியுங்கள். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலைச் சைனாடவுன் பகுதியில் சேர்த்திருக்கிறார்களா, இந்துக் கோயில்தானே என்று லிட்டில் இந்தியாவில் போட்டுவிட்டார்களா? தேக்கா நிலையத்தில் கீழே ஈரச்சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும், மேலே துணிக்கடைகளும் என்று சொல்கிறார்களா, ‘வண்ணமயமான சந்தை’ என்று ஒரு வரியோடு நகர்ந்துவிட்டார்களா? நம் ஊரை வர்ணனையால் ஒப்பேற்றியவர்களை அடுத்த ஊருக்கு நம்ப வேண்டாம். புத்தகத்துக்குப் புத்தகம் எழுதுபவர் மாறுவார், உண்மைதான். ஆனால் எதைச் சரிபார்க்க வேண்டும், எதற்கு எத்தனை வரி என்று கட்டளையிடுவது பதிப்பகம்.

பிறகு தலைப்புப் பக்கத்தின் பின்புறம். அங்கே உள்ள மறு அச்சு ஆண்டைப் பதிப்பு ஆண்டாக எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மறு அச்சில் பழைய பக்கங்களே திரும்ப வரும். பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய பதிப்பானாலும் தகவல் திரட்டியது அச்சேறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பு. அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சோதனைக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். குரோவேஷியாவில் இன்னும் பழைய நாணயமான குனா புழங்கினால் அது 2023க்கு முந்திய புத்தகம். தாய்லாந்துக்கு 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். பிரிட்டனுக்குச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தாலும் 2025 ஜனவரி முதல் மின்னியல் பயண அனுமதி தேவை.

ஜப்பானுக்கு ஜேஆர் பாஸ், அதாவது குறித்த நாள்களுக்கு ரயிலில் எத்தனை முறையும் போய்வர உதவும் சீட்டு, அதன் விலையைப் பாருங்கள். 7 நாள் சாதாரணப் பாஸ் 29,650 யென்னிலிருந்து 2023 அக்டோபரில் 50,000 யென் ஆனது. விலை மாறினால் என்ன, இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சிக்கல் விலையில் இல்லை, அதன்மேல் கட்டிய அறிவுரையில். தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்குப் போய்வர அதிவேக ரயிலில் ஆளுக்குச் சுமார் 28,000 யென். பழைய விலையில் பாஸ் ஏறக்குறைய அந்த ஒரு பயணத்திலேயே ஈடாகிவிடும்; ‘முதலில் பாஸ் வாங்குங்கள்’ என்று எழுதியது அப்போது நியாயம். விலை ஏறிய பிறகும் அதை நம்பி நான்கு பெரியவர்கள் 200,000 யென் கட்டினால், 112,000 யென் டிக்கெட்டில் முடியக்கூடிய பயணம் அது.

ஹோட்டல் பெயர்களுக்காகப் புத்தகம் வாங்காதீர்கள். கைபேசி அதைவிட நன்றாகச் சொல்லும். எந்தப் பகுதியில் தங்கினால் எது பக்கம், எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம், எது என்றைக்கு மூடியிருக்கும் என்பதற்குத்தான் காசு. பாரிஸில் லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடல், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடல். இதைக் கணக்கில் எடுக்காத ‘மூன்று நாள் திட்டம்’ வெறும் தாள். நாம் போவதோ டிசம்பரில். லண்டனில் மாலை 4 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். கோடைகால வெளிச்சத்தை வைத்துப் போட்ட ஒருநாள் திட்டத்தில் பாதியை வெட்ட வேண்டியிருக்கும். மாதவாரிக் குறிப்பில் டிசம்பருக்குக் குளிர் என்பதைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

குழுவில் சைவம் சாப்பிடுபவர்கள் இருந்தால், உணவுப் பக்கமே தேர்வுத்தாள். ஜப்பானில் மிசோ சூப்பிலும் நூடல்ஸ் குழம்பிலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு சேரும். மேலே மிதப்பது காய்கறி மட்டும் என்பதால் அது சைவமாகிவிடாது. தாய்லாந்தில் காய்கறி வறுவலிலும் மீன் சாஸ் இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ (சைவம்) என்று போட்ட கடையைத் தேட வேண்டும். வியட்னாமில் கேட்க வேண்டிய சொல் ‘சாய்’. இதையெல்லாம் சொல்லாமல் ‘சைவ உணவு எளிதில் கிடைக்கும்’ என்று மட்டும் எழுதிய புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

வரைபடத்தில் அளவுகோலும் ரயில் நிலைய வாயில் எண்களும் இருக்கட்டும். நடுப்பக்கத்தை விரித்து அழுத்தினால் முதுகுப் பசை நொறுங்கும் புத்தகம் பத்து நாள் தாங்காது. நூலகப் புத்தகத்தையே கொண்டுபோவதாக இருந்தால் தவணை 21 நாள். திரும்பி வரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இரவல் எடுங்கள்.

இப்படிக்கு,
பயணக் கையேடுகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வாசகர்கள் சிலர்
சிங்கப்பூர்