மேளக்காரர் பொது நிதிக்கு உங்கள் பங்கு: ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரத்தில் நாதஸ்வரம், தவில், தாளம் என்று கச்சேரிக்குப் போகிறவர்களும், அவர்களைத் தங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுகிற ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு பொது நிதி தொடங்கியிருக்கிறோம். முதல் இலக்கு 12 லட்சம் ரூபாய். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கையில் கச்சேரி இருக்கும்போதுதான் மேளக்காரரும் ஏதாவது எடுத்துவைக்க முடியும், கல்யாண வீட்டுக்காரரும் மனமுவந்து கொடுப்பார். எல்லாம் நின்றுபோன பிறகு உண்டியல் குலுக்கிப் பயனில்லை என்பதை 2020-இல் பார்த்துவிட்டோம்.

அந்த வருஷம் மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோது பங்குனி மாதம். அடுத்து சித்திரை, வைகாசி. மேளக்காரர் குடும்பத்துக்கு இந்த மாதங்களின் வரும்படிதான் ஆடியைத் தாண்ட வைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மதுரை மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது என்றால், ஊர்க்கோயில் திருவிழாக்களின் கதி என்னவாகியிருக்கும்! சரி, ஒரு வருஷம் போகட்டும் என்று இருந்தால், 2021 மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு. மறுபடியும் அதே சித்திரை, அதே வைகாசி. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் அந்தப் பணம் அதற்குள் அரிசியாகவும் வாடகையாகவும் மாறியிருந்தது. தவிலை அடகு வைத்தவர்கள் உண்டு. பெயிண்ட் அடிக்கப் போனவர்கள், காய்கறி வண்டி தள்ளியவர்கள் உண்டு. சிலர் அப்படியே அந்த வேலையிலேயே நின்றுவிட்டார்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைபவர்களுக்கும், அதன் வாயில் பொருத்தி ஊதும் சீவாளியைக் கட்டுபவர்களுக்கும்கூட இதே நிலைதான். வாசிக்கிறவர் வாங்கினால்தானே அவர்களுக்கு வேலை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது சரியாகாது. 2020-இல் நல வாரியங்களில் பதிவு செய்தவர்களுக்கு இரண்டு முறை ஆயிரம் ரூபாய் வந்தது. 2021-இல் ரேஷன் அட்டைக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் மளிகைத் தொகுப்பும் கிடைத்தன. மாதச் சம்பளம் இல்லாத கோயில் அர்ச்சகர்கள், பூசாரிகள், பணியாளர்களுக்கும் தனியாக 4,000 ரூபாயும் அரிசியும் கொடுத்தார்கள். இவற்றில் எங்கள் ஆட்களுக்குத் தட்டாமல் வந்து சேர்ந்தது ரேஷன் அட்டைக்கான பணம்தான், ஏனென்றால் அது எல்லாரிடமும் இருந்தது. கலைஞர் என்ற முறையில் வர வேண்டியது பலருக்கு வரவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர்கள் பெயரே இல்லை. முப்பது வருஷம் வாசித்தவரிடம் கலைஞர் என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. தொகை போதவில்லை என்று எல்லாரும் பேசுகிறோம், அது உண்மைதான். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு ஆயிரமும் ஒன்றுதான், லட்சமும் ஒன்றுதான்.

பணக்கார நாடுகளிலும் இதே பிரச்சினை வந்தது. இங்கிலாந்து அரசு 2020 ஜூலையில் கலைத்துறைக்கு 157 கோடி பவுண்டு அறிவித்தது. பெரும்பகுதி அரங்குகளுக்கும் நிறுவனங்களுக்கும் போனது, தனியாளாக வாசித்துப் பிழைப்பவர்களில் பலர் விடுபட்டார்கள். அமெரிக்காவில் அரங்குகளுக்கான உதவிக்கு விண்ணப்பம் வாங்கும் இணையதளம் 2021 ஏப்ரலில் திறந்த அன்றே படுத்துவிட்டது (நம் ஊர் சர்வரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தோம்!).

எங்களை யோசிக்க வைத்தது ஜெர்மனி. அங்கே தனியாளாகத் தொழில் செய்யும் கலைஞர்களுக்கென்று 1983 முதல் ஒரு சமூகக் காப்பீட்டு அமைப்பு இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் கட்ட வேண்டியதில் பாதியைக் கலைஞர் கட்டுகிறார். மீதிப் பாதியைக் கலைஞர்களைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் மத்திய அரசும் பகிர்ந்துகொள்கின்றன. கொரோனா வந்தபோது பவேரியா மாநிலம் மாதம் 1,000 யூரோ வீதம் மூன்று மாதம் கொடுக்க முன்வந்தது, முதலில் அந்த அமைப்பின் உறுப்பினர்களுக்குத்தான். மற்றவர்களைப் பிறகுதான் சேர்த்தார்கள். அங்கேயும் பட்டியலில் இருந்தவருக்கே முதல் பந்தி.

எங்கள் திட்டமும் அந்த வழியில்தான், சிறிய அளவில். நிதியில் சேரும் மேளக்காரர் ஒவ்வொரு கச்சேரிக்கும் 50 ரூபாய் போடுவார். அவரைக் கூப்பிடும் வீட்டுக்காரர் அல்லது கோயில் கமிட்டி விருப்பப்பட்டால் அதே அளவோ கூடுதலாகவோ போடலாம். ஆனால் இது சேர்ந்து பெருக வருஷங்கள் ஆகும், அதுவரை தாங்குவதற்கு அடிப்பணம் வேண்டும். அதற்குத்தான் 12 லட்சம். 10 லட்சத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவிடுவோம். வட்டி மட்டும் வருஷா வருஷம் நோய், கருவி பழுது போன்ற அவசரங்களுக்கு. மறுபடி ஊரடங்கோ, பெருவெள்ளமோ வந்து முகூர்த்த மாதங்கள் அடிபட்டால் மட்டும், பொதுக்குழுவில் ஓட்டெடுத்து அசலில் கை வைக்கலாம்.

மீதி இரண்டு லட்சம் பதிவு வேலைக்கு. ஊர் ஊராகப் போய் நல வாரிய விண்ணப்பம் நிரப்பித் தருவது, போட்டோ, நகல், வயதுச் சான்றுக்கு அலைவது, வங்கிக் கணக்கு செத்துக்கிடந்தால் உயிர்ப்பிப்பது. இதைக் கேட்டால் நன்கொடையாளர்களுக்கு உற்சாகம் வராது என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் எங்கள் கணிப்பில் 10 லட்சத்தைவிட இந்த இரண்டு லட்சம்தான் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும். நையாண்டி மேளம், பறை, கரகம், பேண்டு செட்டுக்காரர்களுக்கும் இந்த உதவி உண்டு. நிதியில் சேராதவருக்கும் செய்வோம்.

100 ரூபாயும் வாங்கிக்கொள்வோம், லட்சமும் வாங்கிக்கொள்வோம். பெரிய தொகை கொடுப்பவர் பெயரைக் கல்வெட்டில் போட மாட்டோம், அதற்குச் சுவரும் கிடையாது. எல்லார் பெயரும் தொகையும் ஆண்டுக் கணக்கில் அச்சாகும். வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடுவோம். குழுவினர் யாருக்கும் இதில் சம்பளமோ பயணப்படியோ இல்லை. எண் போட்ட ரசீது இல்லாமல் யார் கேட்டாலும், எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

வீட்டில் கல்யாணம், ஊரில் கும்பாபிஷேகம் வைத்திருப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம். செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே, எத்தனை பேர், எந்தத் தேதி, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பதிவுக்குப் போகும்போது கலைஞருக்கு அது சான்றாகும். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் உள்ள உறவினர் மூலம் கொடுத்து ரசீது பெறலாம். தை பிறப்பதற்குள் வைப்பு நிதியைப் போட்டுவிட வேண்டும் என்று பார்க்கிறோம். மார்கழி முடியும்வரை வசூல் நடக்கும்.

இப்படிக்கு,
மேளக்காரர் பொது நிதிக் குழுவினர்