கிராஞ்சிச் சேற்றிலிருந்து: மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

வணக்கம். என் தாயார் பல ஆண்டுகளாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். அந்த மருந்தில் பாக்டீரிய நச்சு இல்லை என்று சோதித்த பின்பே அது அவர் கைக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அச்சோதனைக்காக எந்த உயிரை வருத்துகிறோம் என்பதே என் கவலை.

முன்பெல்லாம் முயலின் காதோர நாளத்தில் மருந்தை ஏற்றி, அதற்குக் காய்ச்சல் காண்கிறதா என்று பார்த்தார்கள். பின்னர், அந்த நச்சு பட்டால் உறைந்துவிடும் குதிரைலாட நண்டின் நீல இரத்தம் அந்த வேலைக்கு வந்தது. இரத்தம் எடுத்தபின் கடலில் விடப்படும் நண்டுகளில் ஒரு பகுதி மடிந்துபோகிறது. இதற்கு மாற்று கண்டவர்கள் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான டிங் ஜியாக் லிங்கும் ஹோ பாவும் ஆவர். கிராஞ்சிக் கழிமுகத்தில் வாழும் நண்டிலிருந்து, நச்சை உணரும் புரதத்துக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்து, மேற்கொண்டு ஒரு நண்டும் தேவைப்படாமல் அப்புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கும் வழியை அவர்கள் 1990களில் வகுத்தனர். ஆனால் மருந்துகளின் தரத்தையும் சோதனை முறைகளையும் வகுக்கும் ஐரோப்பிய மருந்துநூலில் அதற்குத் தனி அத்தியாயம் 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மருந்துநூலில் 2025இல். ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்குமோ ஏற்காவோ என்ற ஐயத்தில் நிறுவனங்கள் பழைய வழியை விடாதிருந்தது இத்தாமதத்திற்கு ஒரு முக்கியக் காரணம். அத்தனை ஆண்டுகளும் நண்டுகள் இரத்தம் சிந்தின என்பதை நினைக்கையில் மனம் பொறுக்கவில்லை.

விலங்குச் சோதனைக்கு மாற்றாக வரும், மனித உயிரணுக்களால் வளர்த்த கல்லீரல் திசுவுக்கும், உறுப்பு இயங்கும் விதத்தைச் சிறு சில்லில் (chip) உயிரணுக்களைக் கொண்டு காட்டும் மாதிரிகளுக்கும் அதே தாமதம் நேரக்கூடாது. விலங்குச் சோதனை மனிதரை எப்போதும் காப்பதும் இல்லை. 2006இல் லண்டனில், குரங்குகள் தாங்கிக்கொண்ட அளவில் 500இல் ஒரு பங்கு மருந்தே ஏற்றப்பட்ட ஆறு இளைஞர்கள் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022இல் சட்டத்திலிருந்து நீக்கியது. அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில், மோனோகுளோனல் எதிர்ப்பொருள் மருந்துகளிலிருந்து (உடலில் ஒரு குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளுமாறு ஆய்வகத்தில் உருவாக்கப்படும் புரதங்கள்) தொடங்கி இச்சோதனைகளைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துமாறு நான் கேட்கவில்லை. மருந்து முழு உடலுக்குள் பரவிச் சிதையும் விதத்தை ஒரு சில்லு இன்னும் முழுமையாகக் காட்டிவிடாது. எந்தெந்தச் சோதனைக்கு எந்த மாற்று முறையின் தரவை ஏற்பீர்கள், எஞ்சியவற்றை எந்த ஆண்டுக்குள் பரிசீலிப்பீர்கள் என்பதைப் பெயர் சொல்லிப் பொதுவில் வெளியிடுங்கள். அப்பட்டியலைப் பாக்டீரிய நச்சுச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஈசூன் குடியிருப்பாளர் ஒருவர்