வானதூதர்களைச் சுட்டவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பிளைத்பரோ தூய திரித்துவ ஆலயம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையைச் சுவைத்துப் படித்தேன். ஆனால், கூரை உத்தரங்களில் சிறகு விரித்திருக்கும் மர வானதூதர்களின் உடலில் ஈயக் குண்டுகள் புதைந்ததற்கு, 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்து நாடாளுமன்றத் தரப்பில் போரிட்ட கிராம்வெல்லின் படைவீரர்களே காரணம் என்று எழுதியிருப்பது பழைய கட்டுக்கதை.

நாடாளுமன்றத் தரப்புத் தளபதியான மான்செஸ்டர் பிரபுவிடம் 1643 இறுதியில் ஆணை பெற்று, ஆலயங்களிலிருந்த உருவங்களை அகற்றப் புறப்பட்ட வில்லியம் டவுசிங், தாம் செய்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிவைத்தவர். 1644 ஏப்ரலில் பிளைத்பரோவுக்கு வந்தபோது 20 கெருபீன்களை, அதாவது சிறகுள்ள வானதூதர் உருவங்களை, இறக்கவும், 200க்கும் மேற்பட்ட படங்களை 8 நாள்களுக்குள் எடுக்கவும் கட்டளையிட்டதாக அதில் இருக்கிறதே தவிர, சுட்டதாக ஒரு சொல்லும் இல்லை. கூரையில் அடைந்து தொல்லை கொடுத்த ஜாக்டா என்னும் காக்கையினப் பறவைகளைச் சுடுவதற்கு 18ஆம் நூற்றாண்டில் கூலி கொடுத்த விவரமோ ஆலயக் கணக்கிலேயே பதிவாகியுள்ளது. தூதர்கள் தப்பியதற்குக் கூரையின் உயரமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது; அவ்வளவு உயரத்துக்கு ஏணி சாத்த ஊரில் யார் முன்வந்திருப்பார்கள்?

வெறுமையான வெண்சுவர்களை ‘இடைக்கால எளிமை’ எனப் புகழ்ந்திருப்பதும் பொருந்தாது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆலயங்களில் சுவர்களெங்கும் வண்ண ஓவியங்கள் இருந்தன. மக்கள் கூடும் நடுக்கூடத்தையும் பீடப் பகுதியையும் பிரித்த மரத் தடுப்பின் மேலே, சிலுவையில் தொங்கும் இயேசுவும் இருபுறமும் மரியாளும் யோவானும் நின்றனர். இவற்றை அகற்றும் வேலை, கிராம்வெல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 6ஆம் எட்வர்ட் மன்னரின் ஆட்சியில் அரசாணையின்படி தொடங்கிவிட்டது. 1577 ஆகஸ்ட் 4 அன்று, ஞாயிறு வழிபாட்டின்போது அடித்த புயலில் கோபுரத்தின் கூர்முனை சரிந்து விழுந்ததையும் கிராம்வெல்லின் கணக்கில் எழுதாமல் விட்டார்களே!

கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்ட இருக்கைகள்தாம் உண்மையில் நின்று பார்க்க வேண்டியவை. அவற்றின் முனைகளில் தலையான பாவங்களை மனித உருவில் செதுக்கியிருக்கிறார்கள்: படுக்கையை விட்டு எழ மனமில்லாத சோம்பல், பணப்பெட்டியின் மேல் அமர்ந்து காவல் காக்கும் பேராசை, தொந்தியில் கை வைத்திருக்கும் பெருந்தீனி. வடக்குக் கதவின் கருகல் தழும்பைப் பேய்நாயின் நகக்கீறல் என்று காட்ட அரைப் பக்கம் ஒதுக்கிய தாங்கள், இந்தச் சிற்பங்களுக்கு ஒரு சிறு படமாவது தந்திருக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை