அஸ்திரகானிலிருந்து திரும்பியபின் முத்துக்குமாருக்கு

அன்புள்ள முத்துக்குமார்,

உன் கடிதம் நான் ஊரில் இல்லாத நேரத்தில் வந்து, பக்கத்து வீட்டில் பத்திரமாக இருந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இந்தக் கடிதத்தை நீயாகப் படிக்காதே. தங்கையைப் படிக்கச் சொல்லிக் கேள். நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

என் மகள் கயல்விழி மருத்துவம் முடித்துவிட்டாள். அவளை விமானத்தில் ஏற்றி அனுப்பிய நாளில் நீயும் உடன் இருந்தாய். ஆறு வருடம் ஓடிவிட்டது. சான்றிதழ் வாங்கி, அறையைக் காலி செய்யும்போது துணைக்கு நான் வரவேண்டும் என்றாள். ஜூலைக் கடைசியில் போய்ப் பன்னிரண்டு நாள் ரஷ்யாவின் அஸ்திரகான் நகரத்தில் இருந்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நீ. அந்த ஊரைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ரஷ்யா என்றதும் பனியும் கம்பளிக் கோட்டும்தான் நினைவுக்கு வரும். நான் போன நேரம் அங்கே வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டது. ஊரைச் சுற்றிலும் பொட்டல், உப்பு பூத்த மண். அதன் நடுவே வோல்கா ஆறு 3,500 கிலோமீட்டர் ஓடி வந்து, நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து காஸ்பியன் கடலில் விழுகிறது. ஐரோப்பாவிலேயே பெரிய கழிமுகம் அதுதான். ஊர் அந்தக் கிளைகளுக்கு இடையிலுள்ள தீவுகள்மேல் இருக்கிறது. எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம் வந்துவிடும். காஸ்பியனுக்குப் போக்கு வழி கிடையாது. அதன் நீர்மட்டமே பெருங்கடல் மட்டத்தைவிட 28 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருப்பதால், கரையோரத்து இந்த ஊரும் கடல் மட்டத்துக்கு 20 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. துறைமுகம் என்கிறார்கள், ஆனால் கடல் கண்ணில் படாது. நாணல் காடுகளைக் கடந்து பல மணி நேரம் படகில் போனால்தான் அலையைப் பார்க்கலாம்.

ஊரின் பெயரில் ஒரு கதை இருக்கிறது. 1330-களில் ஊர் ஊராகச் சுற்றிய பயணி இப்னு பதூதா அங்கே வந்தபோது ஊரின் பெயர் ஹாஜி தர்கான். மக்காவுக்குப் போய்வந்த ஒரு பெரியவர் அங்கே குடியேறினார்; சுல்தான் அந்த இடத்துக்கு வரிவிலக்கு அளித்தார்; அதனால் ஊர் வளர்ந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். தர்கான் என்றால் வரி இல்லாத இடமாம். அதுவே ரஷ்யர் வாயில் அஸ்திரகான் ஆயிற்று. வரி கிடையாது, வந்து தங்கு என்ற அழைப்பையே பெயராக வைத்துக்கொண்ட வேறு ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நாளில் தங்கப் படை என்ற மங்கோலிய அரசின் உஸ்பெக் கான் ஆட்சி. குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் ஆயிரக்கணக்கான வைக்கோல் கட்டுகளைப் பனிக்கட்டிமேல் பரப்பச் சொல்வாராம். அதன்மேல் வண்டிகள் போகும். குளிர் முடிகிற சமயத்தில் பனி உடைந்து கூட்டத்தோடு மூழ்கியவர்களும் உண்டு. அந்த ஆற்றங்கரையில் நின்று இதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்கும் முன்னால் இதே கழிமுகத்தில் கஸார் என்ற துருக்கிய இனத்தாரின் தலைநகரம் இருந்தது. அதன் பெயர் இத்தில். யூதரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் தத்தம் நீதிபதிகளோடு ஒரே ஊரில் வாழ்ந்ததாக அரபு எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். 960-களில் கீவின் இளவரசர் ஸ்வியதோஸ்லாவ் கஸார்களை முறியடித்தார். ஹாஜி தர்கானை 1395-96 குளிர்காலத்தில் தைமூர் எரித்தார். எரிந்த ஊர் மறுபடி எழுந்தது. 1556-இல் ரஷ்ய ஜார் நான்காம் இவான் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து ரஷ்யர்கள் பழைய ஊரை விட்டுவிட்டு, சில மைல் தள்ளி எதிர்க்கரையில், முயல் குன்று என்ற மேட்டில் கோட்டை கட்டினார்கள். இன்றைய அஸ்திரகான் அதுதான். அதே 1558-இல் அந்த வழியே வந்த ஆங்கிலேய வணிகர் ஆண்டனி ஜென்கின்சன், பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் நோகாய் என்ற நாடோடி மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். வெற்றியைப் பாடும் புத்தகங்களில் இந்தப் பக்கத்தைத் தேடினாலும் கிடைக்காது.

கோட்டைக்குக் கயல் கூட்டிப்போனாள். வெள்ளையடித்த மதில். ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிந்தது. நம் செங்கல்லைவிட அகலம், தட்டை. மரக்கோட்டையைக் கல்கோட்டையாக மாற்றியபோது செங்கல்லுக்கு எங்கும் அலையவில்லை. வோல்காவில் மேலே பாழடைந்து கிடந்த தங்கப் படையின் தலைநகரம் சராயைப் பெயர்த்து, படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கான்களின் அரண்மனைச் சுவர் ஜார் மன்னரின் மதிலாகிவிட்டது. அந்தச் செங்கல்லின்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் சுட்டது.

இனி உனக்காகவே சேர்த்துவைத்த செய்தி. 1640-களிலிருந்து அந்த ஊரில் நம் நாட்டு வணிகர்கள் குடியிருந்தார்கள், முத்து! பெரும்பாலும் முல்தான் பக்கத்து இந்துக்கள். முல்தானிலிருந்து காந்தஹார், அங்கிருந்து இஸ்பஹான், பிறகு காஸ்பியன் கரை, கடைசியில் கப்பல் என்று வந்து சேர்ந்திருக்கிறார்கள். அசர்பைஜானில் பாகு அருகே சுராகானியில் மண்ணிலிருந்து தானே எரிந்த நெருப்பைச் சுற்றிக் கட்டிய கோயில் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் தேவநாகரியிலும் குர்முகியிலும் கல்வெட்டுகள் உண்டு. அந்த வழியில் போனவர்கள் விட்டுச்சென்றவைதான். கொண்டுவந்தது பட்டும் பருத்தித்துணியும். கொண்டுபோனது ரஷ்யத் தோலும் ரோமமும். அவர்களுக்கென்று அஸ்திரகானில் தனி வளாகம் ஒன்று கட்டித்தந்தார்கள். கடை, கிடங்கு, தங்கும் அறை, பூசைக்கு ஓரிடம், எல்லாம் ஒரே முற்றத்தைச் சுற்றி. பாரசீகருக்கும் புகாராக்காரருக்கும் ஆர்மீனியருக்கும் இதேபோல் தனித்தனி இடங்கள் இருந்தன. எந்தக் காலத்திலும் இந்தியர்கள் சில நூறு பேருக்கு மேல் இருந்ததில்லை. ஆனால் ஊரின் கடன் கணக்குகளில் பாதி அவர்கள் கையில் இருந்ததுபோல் ரஷ்ய வணிகர்கள் பதறினார்கள். இவர்கள் சில்லறை வியாபாரத்தைப் பிடுங்குகிறார்கள், வட்டிக்கு விடுகிறார்கள், மாஸ்கோ வரை வந்துவிடுகிறார்கள் என்று ஜாருக்கு மனுமேல் மனு. அரசுக்கோ சுங்கப் பணமும் கிழக்கத்திப் பட்டும் வேண்டும். ஆகவே துரத்தாமல், உள்நாட்டுக்குள் போகவிடாமல் மட்டும் அவ்வப்போது தடுத்துப் பார்த்தார்கள்.

1793-இல் பீட்டர் பல்லாஸ் என்ற இயற்கை விஞ்ஞானி அங்கே போய், அவர்களுடைய மாலை வழிபாட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். மணி அடித்துத் தீபம் காட்டினார்களாம். வெளியே வோல்கா. உள்ளே ஆரத்தி. அந்த மனிதர்களை என்னால் மறக்க முடியவில்லை. யாரும் மனைவியை அழைத்து வரவில்லை. வீட்டுக்கு ஒரு சேதி அனுப்பினால் பதில் வர ஒரு வருடம் ஆகியிருக்கும். சிலர் திரும்பினார்கள். சிலர் அங்கேயே தாதாரியப் பெண்களை மணந்துகொண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அக்ரிழான் என்று பெயர். தனிக் குடியிருப்பு, தனி அடையாளம் என்று சில தலைமுறை இருந்து, பிறகு தாதாரியரோடு கலந்துவிட்டார்கள். பாரசீகத்தில் 1722-இல் ஆப்கானியர் புகுந்ததும், பின்னால் நாதிர் ஷா காலத்துக் குழப்பங்களும் அவர்கள் வந்த வழியையே அடைத்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த முற்றம் ஆளில்லாமல் ஆனது. இப்போதும் ஒரு தெருவில் இந்தியர் வளாகம் என்ற பெயரோடு ஒரு கட்டடம் நிற்கிறது. இப்போது நிற்பது பிற்காலத்துக் கட்டடம். கயல் ஆறு வருடமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போயிருக்கிறாள். ஆனால் அங்கே யார் இருந்தார்கள் என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

வரிவிலக்கு என்றேனே, அந்தப் பழக்கத்தைப் பிற்பாடு ரஷ்யர்களும் விடவில்லை. பிசாரா தீவில் பிறந்த கிரேக்கர் ஒருவர், இயோனிஸ் வர்வாகிஸ். துருக்கியருக்கு எதிராகக் கடலில் சண்டையிட்டவர். 1770-இல் செஸ்மே போரில் ரஷ்யர் பக்கம் நின்று கப்பலையும் இழந்தவர். பேரரசி கேத்தரீன் அவருக்குப் பணத்தோடு காஸ்பியனில் தீர்வையில்லாமல் மீன்பிடிக்கும் உரிமையையும் கொடுத்தார். அங்கே ஸ்டர்ஜன் மீனின் சினையைப் பார்த்தார். தூர தேசத்துக்கு அனுப்பினால் கெட்டுவிடும். அதை லிண்டன் மரப் பீப்பாயில் அடைத்துக் கெடாமல் அனுப்பும் வழியைக் கண்டு பெருஞ்செல்வரானார். அந்தப் பணத்தில் ஊருக்கு நடுவே அரைகுறையாகக் கிடந்த கால்வாயைத் தன் செலவில் வெட்டி முடித்தார். ஊர்க்காரர்கள் நன்றியோடு அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். சோவியத் காலத்தில் பெயர் மாறியது. மாலையில் அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் நாங்கள் நடப்போம். பிறகு அவர் கிரேக்கத்தின் விடுதலைக்குக் கைகொடுக்கப் போய் 1825-இல் இறந்தார்.

பாகுவில் எண்ணெய்த் தொழில் நடத்திய நோபல் சகோதரர்களுக்கும் இந்த ஊர் தேவைப்பட்டது. 1878-இல் அவர்களுடைய சொராஸ்டர் என்ற எண்ணெய்க் கப்பல் பாகுவிலிருந்து மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு இங்கே வந்தது. கழிமுகத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் கடலிலேயே நின்று, ஆற்றுப் படகுகளுக்கு மாற்றிவிட வேண்டியிருந்தது. கராகுல் ஆட்டுக்குட்டித் தோலுக்கு ஐரோப்பாவில் அஸ்திரகான் என்றே பெயர். அது இங்கே விளைவதில்லை, புகாராவிலிருந்து இந்த வழியாகப் போனது, அவ்வளவுதான்.

மீன் சந்தையைச் சொல்லாமல் விடமுடியாது. நுழைந்ததும் கருவாட்டு வாசனை! வோப்லா என்று ஒரு மீன். உப்பிட்டு, கண்ணில் கயிறு கோர்த்து, வெயிலில் கொத்துக்கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பு அதே மாகாணத்து பஸ்குன்சாக் ஏரியிலிருந்து வருவது. கடைக்காரப் பெண்மணி ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் நாலு தட்டுத் தட்டி, தோலை ஒரே இழுப்பில் உரித்து, சினையை மட்டும் கிள்ளி என் கையில் வைத்தார். வாயில் போட்டதும் அம்மா கையால் சாப்பிட்ட நினைவு வந்துவிட்டது. ஆனால் பெலூகா அங்கே இல்லை. ஒரு டன் எடைக்கும் வளரும் ஸ்டர்ஜன் வகை மீன். முட்டையிட ஆற்றில் மேலே ஏறும். வோல்கோகிராட் அருகே 1961-இல் முடிந்த அணை அதன் வழியை மறித்தது. மிச்சத்தைத் திருட்டு மீன்பிடி முடித்தது. ஒரு ஊரை வளர்த்த மீனை இரண்டு தலைமுறைக்குள் அழித்துவிட்டார்கள் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது கடலே பின்வாங்குகிறது. 1990-களின் நடுவில் உயர்ந்திருந்த காஸ்பியன் அதன்பின் இறங்கிக்கொண்டே வருகிறது. கப்பல் வர ஏறக்குறைய 190 கிலோமீட்டர் நீளக் கால்வாயைத் தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தியா, ஈரான், ரஷ்யா மூன்றும் 2000-இல் கையெழுத்திட்ட வடக்கு தெற்கு வழித்தடம், மும்பையிலிருந்து ஈரான் வழியாக, இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. முல்தான் வணிகர்கள் நடந்த பாதையின் பின்பாதிதான் இது என்று கயலிடம் சொன்னேன். கப்பல் ஏறக் கொஞ்சமாவது தண்ணீர் இருக்கட்டும் அப்பா என்றாள்.

கடைசி ஞாயிறு படகில் கழிமுகத்துக்குள் போனோம். நாணலைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் இளஞ்சிவப்பு. தாமரை! இலைகள் தண்ணீருக்குமேல் இடுப்பளவு உயர்ந்து நின்றன. காஸ்பியன் ரோஜா என்கிறார்கள். இந்திய வணிகர்கள் கொண்டுவந்தது என்று சிலரும், புத்தரை வணங்கும் கல்மிக் மக்கள் கொண்டுவந்தது என்று சிலரும் சொல்கிறார்கள். 1919-இல் சரணாலயம் அமைத்தபோது கொஞ்சம்தான் இருந்ததாம். படகோட்டி மோட்டாரை அணைத்துவிட்டார். ஓர் இலையின்மேல் தண்ணீர் உருண்டு உருண்டு ஓடியது. கயல் கையை நீட்டி ஒரு மொட்டைத் தொட்டாள். பறிக்கவில்லை, அங்கே பறிக்கக் கூடாது.

அடுத்த மாதம் அவள் வந்துவிடுவாள். இங்கே எழுதவேண்டிய தேர்வு ஒன்று பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் தீபாவளிக்கு இருவரும் உன் வீட்டுக்கு வருகிறோம். உனக்கென்று ஒரு கொத்து வோப்லா வாங்கிவந்திருக்கிறேன். காகிதத்தில் சுற்றியும் அலமாரி முழுக்க மணக்கிறது. தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அன்புடன்,
பாலு